எடுத்த வீடு

1

போன வியாழக்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. "அன்புள்ள விருந்தினரே, எங்கள் ஸ்ரீரங்கம் இல்லத்தில் தாங்கள் தங்கி இன்றுடன் ஓராண்டு நிறைவடைகிறது. அந்த இனிய நினைவுகளை மீண்டும் வாழ வாருங்கள்!" நினைவை எப்படி வாழ்வது என்று எனக்குத் தெரியவில்லை. இங்கிலீஷில் எழுதி ஏதோ இயந்திரத்தில் போட்டுப் பிழிந்த தமிழ். கீழே ஒரு புகைப்படம். பால்கனி, இரண்டு பிரம்பு நாற்காலிகள், தென்னை மரங்களுக்கு மேலே தலைகாட்டும் ராஜகோபுரம். பெற்ற மகளுக்கு என் பிறந்தநாள் ஞாபகம் இருப்பதில்லை. கம்பெனிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

என் பெயர் வசந்தி. டென்மார்க்கின் மேற்குக் கடற்கரையில் ஒரு சிறிய ஊரில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். கணவர் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தார். நான் அவர் பின்னால் வந்தேன். வெயில் காலத்தில் கடல் பார்க்க வருகிறவர்களுக்கு வாரக் கணக்கில் வீடுகளை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. முதல் ஆறு வருடம் கழிப்பறை தேய்த்தேன். இப்போது வீடு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிறவள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு குடும்பம் வெளியே போகும், மதியம் மூன்று மணிக்கு அடுத்த குடும்பம் உள்ளே வரும். நடுவில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு நான் வீடு வீடாக ஓட வேண்டும். வடிகாலில் முடி இருக்கிறதா, தலையணை உறையில் கறை இருக்கிறதா, சுவரில் புது ஓட்டை உண்டா. சுவருக்கு மட்டும் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஆணியைப் பிடுங்கிவிட்டுப் பற்பசையால் அடைத்த ஓட்டை தெரியும். இந்த ஊர் வெள்ளைக்காரர்களும் பற்பசைதான் வைக்கிறார்கள். அந்த விஷயத்தில் உலகம் முழுக்க ஒரே சாதி.

ஆகவே அந்த மின்னஞ்சலை அனுப்பியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் கம்பெனியும் இதேபோல் அனுப்புகிறது. படித்துவிட்டு யாராவது என்னைப்போல் சமையலறையில் உட்கார்ந்து அழுதிருப்பார்களா என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

2

எங்கள் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. கல்யாணமாகி லால்குடியிலிருந்து திருச்சிக்கு வந்த நாளிலிருந்து பதினொரு வாடகை வீடு பார்த்தவள். உறையூர், திருவானைக்கோவில், ஸ்ரீரங்கத்திலேயே நான்கு. அப்பா பஸ் டெப்போவில் மெக்கானிக். எந்த பஸ்ஸையும் அக்கு அக்காகப் பிரித்து மாட்டத் தெரிந்த மனிதருக்குச் சொந்தமாக ஒரு சுவர் எழுப்ப முடியவில்லை. பதினொரு வீட்டுக்காரர்களும் பதினொரு குணம். நல்லவர்களும் இருந்தார்கள். ஆனால் சாவியைக் கையில் கொடுக்கும்போது எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். "சுவத்துல ஆணி கீணி அடிக்கக் கூடாதும்மா."

அதனால் எங்கள் வீட்டில் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. சாமி படங்கள் ஸ்டூல் மேல் சாய்ந்திருந்தன. அப்பாவின் காக்கிச் சட்டை கதவுத் தாழ்ப்பாளில். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் நான் வாங்கிய சான்றிதழுக்கு அப்பா ஆசையாகக் கண்ணாடி போட்டு வந்தார். அது என் கல்யாணம் வரைக்கும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அப்பா போன பிறகு அவர் படத்துக்கும் அதே கதிதான். அண்ணன் குமார் அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். பட்டறைக்கு மேலே இரண்டு அறையில் குடித்தனம், அதுவும் வாடகை. அங்கே பீரோ மேல் அப்பா சாய்ந்திருந்தார். கீழே லேத் ஓடும்போது அதிர்ந்து அதிர்ந்து மாதம் ஒரு முறை வழுக்கி விழுவார்.

"எலி வளையானாலும் தனி வளை வேணும்டி" என்று அம்மா சொல்லாத மாதம் கிடையாது. "அடுத்த வருஷம் வாங்கிடலாம்மா" என்று நான் சொல்லாத மாதமும் கிடையாது. இங்கே நாங்களும் வாடகைக் குடியிருப்பில்தான் இருக்கிறோம் என்பதை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதல் முறையாகச் சொல்கிறேன்.

போன வருடம் ஊருக்குக் கிளம்பும்போது எங்கே தங்குவது என்ற கேள்வி வந்தது. அதற்கு முந்தைய பயணத்தில் பட்டறையின் இரும்புத்தூள் ஒத்துக்கொள்ளாமல் என் மகள் மீரா மூன்று நாள் இருமினாள். அண்ணி தன் கட்டிலை எங்களுக்குக் கொடுத்துவிட்டுச் சமையலறையில் படுத்தாள். அந்தக் கடனை இன்னொரு முறை வாங்க எனக்கு மனமில்லை. ஒரு கம்பெனி நடத்தும் விடுமுறை வீட்டைப் பன்னிரண்டு நாளைக்குப் பதிவு செய்தேன். அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வீடு. கணவருக்கு விடுப்பு இல்லை. நானும் மீராவும்தான். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, ஸ்ரீரங்கத்துல வீடு எடுத்திருக்கேன். நீயும் வந்து எங்ககூட இரு."

 மறுமுனையில் அம்மா அழுதாள். கூப்பிட்டதற்கு அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எடுத்திருக்கேன். இந்தச் சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். லாட்ஜில் ரூம் எடுக்கிறோம், அது இரண்டு நாளைக்கு. ஜவுளிக்கடையில் புடவை எடுக்கிறோம், அது கிழிகிற வரைக்கும் நம்முடையது. நான் ரூம் எடுத்த மாதிரி சொன்னேன். அம்மா புடவை எடுத்த மாதிரி கேட்டுக்கொண்டாள். ஊரிலேயே இருந்திருந்தால் "பன்னெண்டு நாள் வாடகைக்குப் பிடிச்சிருக்கேன்" என்று வாய் தானாகச் சொல்லியிருக்கும். இத்தனை வருடத்தில் பேச்சு மழுங்கிவிட்டது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்கிறேன். அவள் அப்படிக் கேட்டுக்கொள்ளட்டும் என்று உள்ளே எங்கேயோ ஆசைப்பட்டாயா என்று கேட்டால், இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

3

வீடு அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மூன்றாவது மாடியில் இருந்தது. கதவுக்குச் சாவி கிடையாது. கைப்பேசிக்கு ஆறு எண்கள் வரும், அதை அழுத்த வேண்டும். உள்ளே போனதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சோதிக்கும் வீடுகளில் இருக்கும் அதே பிளாஸ்டிக் செடி. கட்டிலில் அதே மாதிரி மடித்து வைத்த துண்டு. ஹால் சுவரில் ஆணி அடிக்காமல், ஒட்டும் பட்டையால் ஒட்டிய கோபுரப் படம். நிஜக் கோபுரம் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது, யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் பெயர் செல்வம். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் கம்பெனி அட்டை. வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"சொந்த ஊர் எதுன்னு போடட்டும் மேடம்?"

"திருச்சி."

"இல்ல மேடம், அங்க உள்ள ஊரு."

"நீங்க சொந்த ஊர்னுதானே கேட்டீங்க?"

"கேட்டேன் மேடம். ஆனா திருச்சின்னு போட்டா சிவப்பா காட்டுது." அடுத்த கட்டத்துக்குப் போனார். "வந்த நோக்கம்? சுற்றுலா, வியாபாரம், வைத்தியம், மூணுதான் இருக்கு."

"எங்கம்மாவைப் பாக்க வந்திருக்கேன்."

செல்வம் மூன்றையும் மறுபடி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "சுற்றுலான்னே போட்டுடறேன் மேடம்" என்றார்.

நாளைக்கு அம்மா வந்து எங்களோடு தங்குவாள் என்று சொன்னேன். ஆதாரில் எந்த ஊர் என்று கேட்டார். அரியமங்கலம் என்றேன். தலையைச் சொறிந்தார்.

"லோக்கல் ஐடி அலவ் இல்லீங்க மேடம். கம்பெனி ரூல்."

"எதுக்கு அந்த ரூல்?"

"உள்ளூர்லயே வீடு வச்சிக்கிட்டு ரூம் எடுக்கறவங்க எதுக்கு எடுக்கறாங்கன்னு ஒரு இது இருக்கு மேடம்."

"எழுபத்தஞ்சு வயசு மேடம் அவங்க" என்று நானே அவரை மேடம் என்று சொல்லிவிட்டேன்.

"சிஸ்டம் வயசு பாக்காதுங்க."

டென்மார்க் பாஸ்போர்ட்டுக்குத் திறக்கும் கதவு அரியமங்கலம் ஆதாருக்குத் திறக்காது. இந்தத் தெருவுக்கு நான்கு தெரு தள்ளி என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் அவள். நான் முறைத்ததைப் பார்த்தோ என்னவோ செல்வம் குரலைத் தாழ்த்தினார். "பகல்ல வந்துபோற விசிட்டர்னு எழுதிக்கறேன். காரிடார்ல கேமரா இருக்கு. கேட்டாங்கன்னா நான் ஒண்ணும் பாக்கல மேடம்."

மறுநாள் காலை அண்ணன் அம்மாவை ஆட்டோவில் கூட்டி வந்தான். அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். அண்ணன் கையில் ஒரு புதுப் பானை. இன்னொரு பையில் உப்பு, மஞ்சள், அரிசி, காமாட்சி விளக்கு. அம்மாவின் கையில் துண்டில் சுற்றிய அப்பா படம். வாசலில் நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

எனக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியது. 

அம்மா எதையும் பார்க்கவில்லை. நேராக ஹால் சுவருக்குப் போய் உள்ளங்கையை வைத்தாள். மாட்டைத் தடவுவது மாதிரி கொஞ்ச நேரம் தடவினாள். "நல்ல பூச்சு" என்றாள். "குமாரு, மெத்த, ஃபேன் எல்லாம் வாங்கியே போட்டிருக்காடா. எங்கிட்ட ஒரு வார்த்த முன்னாடி சொல்லல பாரு, கள்ளி."

அண்ணன் என்னைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"எத்தன நாளைக்கு புக் பண்ணியிருக்க?"

"உனக்குத் தெரியுமா?"

"நெட்ல போட்டாப் படத்தோட வருது. எனக்குத் தெரியாதா? ஒரு வாரமா தெருவெல்லாம் சொல்லிட்டு வருது அம்மா. லால்குடி சித்திக்குப் போன் போட்டு நாளைக்குப் பால் காய்ச்சறோம்னு சொல்லிடுச்சு. என்னைக்கு சொல்லப் போற?"

"நீயே சொல்லிடேன்ண்ணா."

"நான் சொன்னா, தங்கச்சி வீடு வாங்கினது பொறுக்காம சொல்றான்னு ஆயிடும். நீ ஏரோப்ளேன் ஏறிடுவ. நான் அதுகூட இருக்கணும்." ஹாலுக்குள் எட்டிப் பார்த்தான். "இந்த ரெண்டு நாள் போவட்டும். அப்புறம் பக்குவமா சொல்லு."

பக்குவம் என்பது பழத்துக்கு வரும். பொய்க்கு வராது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

4

மறுநாள் காலை ஏழரைக்கு முகூர்த்தம். சித்தி லால்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். அண்ணன், அண்ணி, நான், மீரா, அம்மா. சமையலறையில் கேஸ் கிடையாது. மின்சாரத்தில் ஓடும் கறுப்புக் கண்ணாடி அடுப்பு. அம்மா கொண்டு வந்த பானையை அதன் மேல் வைத்தால் அடுப்பு பாத்திரத்தையே ஒத்துக்கொள்ளவில்லை. அடியில் இரும்பு இல்லையாம். பானைக்கு மஞ்சள் கட்டி, பொட்டு வைத்து, எல்லாம் ஆன பிறகு அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கம்பெனியின் கைப்பிடி வைத்த சட்டியில் பாலை ஊற்றினோம். அம்மா அதற்கும் அவசரமாக ஒரு பொட்டு வைத்தாள்.

பால் காய்ச்சுவதில் காய்ச்சுவது முக்கியமில்லை, பொங்க வேண்டும். பொங்கி வழிய வேண்டும். கிழக்கே வழிந்தால் விசேஷம். ஆனால் இந்த அடுப்பு, ஏதாவது வழிந்தால் பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடும். எங்கள் டென்மார்க் வீடுகளிலும் இதே ரகம்தான், எனக்குத் தெரியும். அடுப்பு முந்துமா பால் முந்துமா என்று நான் மட்டும் பயந்துகொண்டு நின்றேன். ஒரு பொய் வீட்டில் பால் பொங்காவிட்டால் எனக்கென்ன என்று நினைக்கத் தெரியவில்லை. பொங்க வேண்டும் சாமி, பொங்க வேண்டும் என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

பொங்கியது. விளிம்பைத் தாண்டிக் கறுப்புக் கண்ணாடியில் வெள்ளையாக ஓடியது. அடுத்த நொடி அடுப்பு "கீ, கீ, கீ" என்று கத்திவிட்டு அணைந்தது. அண்ணி பயந்துபோனாள்.

அம்மா கை கொட்டிச் சிரித்தாள். "பாத்தியா, அடுப்பே குலவ போடுது!"

எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சம் பால் குடித்தோம். சித்தி ஒரு சுவர்க் கடிகாரம் கொண்டு வந்திருந்தாள். "அக்கா கஷ்டத்துக்குக் கடைசியில வசந்திதான் கண்ணத் தொறந்தா" என்று சொல்லி என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அண்ணன் எழுந்து கை கழுவப் போய்விட்டான். சம்பாதித்துப் போடாத மகன் என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அவனுக்கு அது கேட்டிருக்கும். அம்மாவைத் தினமும் வைத்துக் காப்பாற்றுகிறவன் அவன். அது எனக்குச் சுட்டது.

அன்று மதியம் கம்பெனியிடமிருந்து செய்தி வந்தது. தங்கள் தங்கலில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் நபர்கள் காணப்பட்டதாகவும், விருந்து நிகழ்ச்சிகளுக்கு இங்கே இடமில்லை என்றும் அதில் இருந்தது. மன்னிக்கவும், மீண்டும் நடக்காது என்று பதில் அனுப்பினேன். உண்மைதான், மீண்டும் நடக்கப் போவதில்லை.

5

மீராவுக்கு அப்போது பதினேழு வயது. அவள் ஊரில் பொய் சொல்வது என்றால் பெரிய விஷயம். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். அம்மாச்சியை ஏமாற்றுகிறாய் என்று மூன்று நாள் என்னோடு டேனிஷ் மொழியில் சண்டை போட்டாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்று நாம் சொல்வதை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னால் போலீசுக்குப் போவாள். நான்காம் நாள் காலை, அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது எதிரில் போய் உட்கார்ந்தாள். மனதுக்குள் வாக்கியத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வந்தாள், உதடு அசைவதில் தெரிந்தது. நான் சமையலறை வாசலில் நின்றேன். தடுக்கவில்லை. அவளாவது சொல்லட்டும் என்று இருந்தது.

"அம்மாச்சி, இது எங்க வீடு இல்ல."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். 

"ஆமாண்டி கண்ணு" என்றாள் அம்மா. "எங்க வீடுன்னு சொல்லக் கூடாது. எங்க வீடுன்னா நீ, உங்கம்மா, உங்கப்பா மட்டும். அம்மாச்சியும் சேந்தா நம்ம வீடு. எங்க, சொல்லு. நம்ம வீடு."

மீரா என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. டேனிஷ் மொழியில் அந்த இரண்டுக்கும் ஒரே சொல்தான். எங்கே தப்பு நடந்தது என்றே அவளுக்குப் புரியவில்லை.

"நம்ம வீடு" என்றாள்.

"அதான். பொண்ணுக்குத் தமிழ் ஒழுங்கா சொல்லிக் குடுடி வசந்தி" என்று அம்மா கீரைக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு மீரா சண்டை போடுவதையும் நிறுத்திவிட்டாள்.

அன்று சாயங்காலம் அம்மா பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். அண்ணன் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி வந்த கறுப்பு கான்கிரீட் ஆணி, ஒன்றே ஒன்று. கூடவே சின்னச் சுத்தியல்.

"அந்தக் கோபுரத்தக் கழட்டு. அதான் வெளியிலயே தெரியுதே. அந்த எடத்துல அப்பாவ மாட்டு."

"நாளைக்கு மாட்டலாம்மா."

"நாளைக்கு நாளைக்குன்னே அவரு போயிட்டாரு. அம்பது வருஷம் அவரு சட்டய மாட்ட ஒரு ஆணி கிடையாதுடி. நீயே அடி. உன் வீடு."

இதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. இப்போதாவது சொல்லியிருக்கலாம். சுத்தியலைக் கையில் வாங்கினேன். அடுத்தவர் சுவரில் ஆணி அடித்த ஓட்டையை டார்ச் அடித்துக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான். முதல் அடியில் பூச்சு பெயர்ந்து காலில் விழுந்தது. மூன்றாவது அடியில் ஆணி பிடித்தது. அந்தச் சத்தம் கீழ்மாடி வரைக்கும் கேட்டிருக்கும். அம்மா பக்கத்தில் நின்று, பந்தயத்தில் ஓடுகிற பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவை மாட்டினோம். இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தார். அம்மா நேராக்கிவிட்டு இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"இப்ப விழச் சொல்லு பாப்போம்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் எதையும் சொல்வதாக இல்லை.

6

மீதி நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். கம்பெனி வைத்திருந்த வரவேற்பு அட்டையை அலமாரிக்கு மேல் ஒளித்தேன். படுக்கை விரிப்பு மாற்ற வந்த செல்வத்தை அபார்ட்மென்ட் வாட்ச்மேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டுகளை வைத்துவிட்டுப் போனார். அம்மா அவருக்குக் காபி கொடுத்து, மாடிப்படியை ஒழுங்காகக் கூட்டச் சொல்லி அதட்டினாள். "சரிங்கம்மா" என்று கூட்டவும் செய்தார்.

கிளம்பும் நாள் காலை பதினொரு மணிக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டும். எட்டு மணிக்கே அண்ணன் ஆட்டோ கொண்டு வந்தான். அம்மா பானையை எடுத்துக்கொண்டாள். சித்தி கொடுத்த கடிகாரத்தை எடுத்துக்கொண்டாள். அப்பா படத்தை எடுக்கப் போனேன்.

"அவரு இருக்கட்டும்" என்றாள் அம்மா. "நீ பாட்டுக்கு ஊருக்குப் போயிடுவ. தனியா இருக்க முடியாது, நானும் குமார்கிட்டயே போயிடறேன். பூட்டின வீட்டுக்கு ஒரு ஆள் வேணாமா?"

படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினாள். ஆட்டோவில் உட்கார்ந்து மேலே பார்த்து, பால்கனிக் கதவைச் சாத்தினேனா என்று கேட்டாள்.

அவளை அரியமங்கலத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். செல்வம் ஹாலில் நின்றுகொண்டிருந்தார். படத்தைக் கழற்றினேன். ஆணியைப் பிடுங்கப் போனபோது, "வேணாம் மேடம்" என்றார். "பிடுங்கினா பெரிய ஓட்டையாயிடும். கோபுரப் படத்த அதுலயே மாட்டிடறேன். தெரியாது."

"கம்பெனி கேட்டா?"

"எல்லாத்தையும் கம்பெனிகிட்ட சொல்லிக்கிட்டிருந்தா முடியுங்களா மேடம்?" என்றார். பிறகு, "அம்மா நல்லா காபி போடுறாங்க" என்றார்.

படத்தை அண்ணனிடம் கொடுக்கலாம் என்று போன் செய்தேன். அவன் வாங்க மறுத்துவிட்டான். "ரெண்டு ரூம்ல எங்க ஒளிக்கறது? அம்மா கண்ணுல பட்டா அவ்வளவுதான். நீ ஆரம்பிச்சத நீயே தூக்கிட்டுப் போ." அவன் சொன்னதில் தப்பில்லை. அப்பாவைப் புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியைப் பூட்டினேன். பாஸ்போர்ட்டே இல்லாமல் செத்த மனிதர் இப்படித்தான் டென்மார்க் வந்து சேர்ந்தார்.

7

ஒரு வருடம் ஆகிவிட்டது. மீரா கோபன்ஹேகனுக்குப் படிக்கப் போய்விட்டாள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அம்மாச்சியோடு உடைந்த தமிழில் பத்து நிமிடம் பேசுவாள். இப்போது பேசுவதில்லை. பேசினால் அம்மாச்சி வீட்டைப் பற்றிக் கேட்பார், நான் பொய் சொல்ல மாட்டேன் என்கிறாள். அவளுக்குத் தமிழ் போய்விட்டது என்று நான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் துணை.

அப்பா படம் என் துணி அலமாரியில், குளிர் கோட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. மாட்ட முடியாது. வீடியோவில் அம்மா கண்ணில் பட்டுவிடும். அங்கே அரியமங்கலத்தில் பீரோ மேல் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. தன் புருஷன் படத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது அவர் ஸ்ரீரங்கத்தில் வீடு காக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வெறும் பீரோவைப் பார்த்துக் கும்பிடுகிறாளாம். அண்ணி சொன்னாள். அவளுக்கு நான் ஒரு வீட்டைக் கொடுக்கவில்லை. இருந்த படத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மின்னஞ்சல் வந்து மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, போன் வந்தது. முந்தின நாள் அண்ணன் அம்மாவைத் தில்லை நகரில் கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறான். திரும்பும்போது, புதுக் கண்ணாடியில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, வீட்டை ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றிருக்கிறாள். அவன் சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை. கதவு எண் என்னிடம்தான் இருக்கிறது என்று சொல்லி, ஆட்டோவைத் தெருவில் நிறுத்தி, கீழேயிருந்து காட்டியிருக்கிறான்.

"வசந்தி, நம்ம வீட்டு பால்கனியில யாரோ துணி காயப்போட்டிருக்காங்கடி. நைட்டி, சின்னப் புள்ள சட்ட."

அண்ணன் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. சொல்லிவிடு என்றுதான் அந்த மூச்சுக்கு அர்த்தம். எனக்கும் வாய் வரைக்கும் வந்தது.

"வாடகைக்கு விட்டிருக்கேம்மா."

அண்ணன் மூச்சுச் சத்தம் நின்றது.

"எங்கிட்ட சொல்லல."

"திடீர்னு கேட்டாங்கம்மா. நல்ல குடும்பம்தான்."

"அப்பா படம்?"

நான் அலமாரிக் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினேன். "அங்கதாம்மா இருக்கு. அதத் தொடக் கூடாதுன்னு சொல்லித்தான் விட்டேன்."

 அம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். அடுத்து வந்த குரலை நான் அவளிடம் அதுவரை கேட்டதில்லை. பதினொரு வீட்டு வாசல்களில், வேறு வேறு மனிதர்களிடம் கேட்டிருக்கிறேன்.

"சரி, இருந்துட்டுப் போவட்டும். ஆனா சுவத்துல ஆணி கீணி அடிக்கக் கூடாதுன்னு கண்டிஷனா சொல்லிடு. நம்ம சுவரு."